எம்.ஜி.ஆர். பெயரில் இரண்டு ஊர்கள்

அடுத்த முறை சிதம்பரம் போனால், நடராஜரைத் தரிசித்த கையோடு பஸ் ஏறி ஊர் திரும்பிவிடாதீர்கள். இன்னும் 15 கிலோமீட்டர் போல கிழக்கே போங்கள். கிள்ளையைத் தாண்டினால் பிச்சாவரம். படகுத்துறையில் டிக்கெட் வாங்கி, லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஒரு படகில் ஏறுங்கள்.

அங்கே உங்களுக்கு ஒரு தீவைக் காட்ட வேண்டும். அந்தத் தீவின் கதையைச் சொல்லத்தான் இந்த இழை. கொஞ்சம் பெரிய பதிவுங்க. டீ ஒன்று போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நான் வரலாற்று ஆசிரியன் இல்லை, மருத்துவன். ஆனால் இந்தக் கதையில் ஒரு நோயாளி உண்டு, தப்பான நோயறிதல் உண்டு, சரியான சிகிச்சை உண்டு, சில மரணங்களும் உண்டு. அதனால் எனக்கும் இதைச் சொல்ல கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, படகு கிளம்பிடுச்சு. வாங்க.

முதலில் அகலமான உப்பங்கழி. பிறகு படகுக்காரர் துடுப்பைத் திருப்பி ஒரு குறுகலான வாய்க்காலுக்குள் விடுவார். சட்டென்று வெயில் காணாமல் போகும். இரண்டு பக்கமும் மரங்கள் வளைந்து தலைக்கு மேல் கைகோத்து நிற்கும். அவற்றின் வேர்கள் மண்ணுக்குள் ஒளிந்திருக்காது. குடைக்கம்பி மாதிரி விரிந்து தண்ணீருக்குள் இறங்கும். நண்டு ஓடும். கொக்கு அசையாமல் நிற்கும். பல இடங்களில் ஆழம் ஆள் உயரம்கூட இருக்காது.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டு ஆறுகளும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே ஆறு கொண்டுவந்த வண்டலும் கடல் கொண்டுவந்த மணலும் சேர்ந்து உண்டான நிலம் இது. சின்னதும் பெரியதுமாக 51 திட்டுகள் என்று கணக்கு சொல்வார்கள். உப்புத்தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கும் இடத்தில் வளரும் அலையாத்திக் காடு. ஊர்ப்பக்கம் சுரபுன்னைக் காடு என்றும் சொல்வார்கள்.

இங்கே ஒரு வாட்ஸ்அப் தகவலைத் திருத்திவிட்டுப் போவோம். "பிச்சாவரம் உலகிலேயே இரண்டாவது பெரிய அலையாத்திக் காடு" என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். உண்மை இல்லீங்க. இந்தியாவும் வங்கதேசமும் பங்கிட்டுக்கொள்ளும் சுந்தரவனம் ஏறக்குறைய 10,000 சதுர கிலோமீட்டர். பிச்சாவரம், ராம்சார் பட்டியலில் உள்ள கணக்குப்படி சுமார் 1,479 ஹெக்டேர். அதாவது 15 சதுர கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. தமிழ்நாட்டிலேயே முத்துப்பேட்டை இதைவிடப் பெரியது.

சின்னக் காடுதான். ஆனால் அது தாங்கிய கதை பெரியது.

போகிற வழியில் ஒரு மரத்தைக் காட்டச் சொல்லி படகுக்காரரிடம் கேளுங்கள். தில்லை மரம். ஆமாம், அதே தில்லைதான். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால். நடராஜர் கோயிலின் தல விருட்சம். ஆனால் சிதம்பரம் ஊருக்குள் இப்போது தில்லைக் காடு கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் பிச்சாவரம்தான் வர வேண்டும்.

பாருங்க, தொடாதீங்க. கிளையை ஒடித்தால் வெள்ளையாகப் பால் வரும். அது தோலில் பட்டால் கொப்புளம். கண்ணில் பட்டால் கடும் எரிச்சல், வீக்கம், சில நாட்கள் பார்வையே மங்கிப்போகலாம். கண்ணின் முன்பக்கக் கருவிழிப் படலத்தை அது புண்ணாக்கிவிடும். ஆங்கிலத்தில் இதற்குக் கண்ணைக் குருடாக்கும் மரம் என்றே பெயர்.

தப்பித்தவறி பட்டுவிட்டால் தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் ஊற்ற வேண்டாம். கண்ணைக் கசக்கவும் வேண்டாம். சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவுங்கள். பிறகு நேராகக் கண் மருத்துவர்.

ஒரு பெரிய கோயில் நகரத்துக்குப் பெயர் கொடுத்தது, உப்புத்தண்ணீரில் வளரும் ஒரு நச்சு மரம். யோசித்துப் பாருங்கள். இந்த ஊரின் பழைய முகவரி கோபுரம் அல்ல, காடு.

ஆனால் கடலோரத்துக்கு வந்தவர்கள் யாரும் இந்தக் காட்டைக் கண்டுகொள்ளவில்லை. எல்லோருக்கும் கண் ஆற்று முகத்துவாரத்தின் மேல்தான்.

பிச்சாவரத்துக்கு வடக்கே வெள்ளாற்றின் கழிமுகத்தில் பரங்கிப்பேட்டை. அரபு வணிகத்தோடு உறவாடிய மரைக்காயர்களின் ஊர். மஹ்மூது பந்தர் என்று ஒரு பெயர் அதற்கு. போர்ச்சுகீசியர் வந்து போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம் என்றார்கள். பரங்கியர் வந்த பேட்டை நமக்குப் பரங்கிப்பேட்டை ஆனது. டச்சுக்காரர் வந்தார்கள். டேனிஷ்காரர் வந்தார்கள். ஆங்கிலேயரும் வந்தார்கள். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் கம்பெனிப் படையும் மோதியது இங்கேதான்.

இன்னும் வடக்கே கடலூர். அங்கே தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-ல் ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். ஒப்பந்தம் எப்படி தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்கள் எல்லாம் அவர்களுக்கு. அந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றார்கள்.

1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்தினார். தாது சேலத்திலிருந்து வந்தது. உலைக்கு எரிபொருள் மரக்கரி. நிலக்கரி இல்லை, மரத்தை எரித்த கரி. ஒரு இரும்பு உலையின் பசிக்கு எத்தனை மரம் வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மரம் என்றால் விறகு, கரி, பலகை. இந்தப் பார்வைதான் பிச்சாவரத்துக்கும் வந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் காட்டைக் கூப்பு கூப்பாகப் பிரித்தார்கள். இந்த வருடம் இந்தக் கூப்பு, சில வருடம் கழித்து அடுத்தது என்று முறைபோட்டு, ஒரு பகுதியை மொத்தமாக வெட்டுவது. வெட்டிய இடம் தானாக முளைத்துவிடும், சுற்றி வரும்போது மறுபடி வெட்டலாம் என்பது கணக்கு. மலைக்காட்டுக்குப் போட்ட கணக்கை உப்புத்தண்ணீர்க் காட்டுக்கும் போட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் 1970-கள் வரும்வரை இது நடந்தது.

வெட்டிய இடம் முளைக்கவில்லை. காட்டுக்கு நடுவே மொட்டை மொட்டையாக வெற்றுச் சேறு. வருடா வருடம் அது பெருகியது.

இப்போது நோயறிதல். காடு ஏன் சாகிறது?

பல வருடங்களாகச் சொல்லப்பட்ட பதில் ஒன்றுதான். கிராமத்து ஜனங்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், அதான் காடு அழியுது. கேட்க நியாயமாக இருக்கும். ஏழையைக் குற்றம் சொல்வது எப்போதும் சுலபம். அதற்கான மருந்தும் ரெடி: ஆட்களை உள்ளே விடாதே, நாற்று நடு.

நாற்று நட்டார்கள். செத்தது. மறுபடி நட்டார்கள். மறுபடியும் செத்தது.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் வனத்துறையும் சேர்ந்து வேறு கேள்வி கேட்டார்கள். "யார் வெட்டியது?" என்பதை விட்டுவிட்டு, "வெட்டிய பிறகு மண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று பார்த்தார்கள்.

கிடைத்த பதில் இது. மரங்களை மொத்தமாக வெட்டியதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. மண்ணில் இருந்த ஈரம் ஆவியானது. மண் சுருங்கி அமுங்கியது. நிலம் தட்டு மாதிரி குழிவிழுந்தது. பௌர்ணமி, அமாவாசை சமயங்களில் ஓதம் ஏறும்போது கடல்நீர் அந்தக் குழிக்குள் வரும். வற்றும்போது வெளியே போக வழியில்லை. அங்கேயே நின்று காயும். தண்ணீர் போகும், உப்பு தங்கும். மறுபடி ஓதம், மறுபடி உப்பு.

நாங்கள் நோயாளிக்கு ஏற்றும் நார்மல் சலைனில் உப்பு 0.9 சதவீதம். கடல்நீரில் சுமார் 3.5 சதவீதம். அலையாத்தி மரங்கள் அந்தக் கடல்நீரையே சமாளிப்பவை. சில வகைகள் வேரிலேயே உப்பை வடிகட்டிவிடும். சில வகைகள் இலை வழியாக உப்பை வெளியேற்றும். இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும் (தில்லை இலையில் இந்தப் பரிசோதனை வேண்டாம்!). அப்படிப்பட்ட மரத்துக்கும் ஒரு எல்லை உண்டு. கடல்நீரைவிடப் பலமடங்கு உப்பேறிய அந்தக் குழியில் எந்த நாற்றும் பிழைக்காது.

சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண்ணைப் பார்த்திருப்பீர்கள். மேலே எத்தனை களிம்பு தடவினாலும் ஆறாது. ஏன்? உள்ளே ரத்தக்குழாய் அடைத்திருக்கும். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? முதலில் ஓட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்.

பிச்சாவரத்தில் செய்த வைத்தியமும் அதேதான். காட்டுக்கு ரத்தக்குழாய் வெட்டினார்கள்.

ஆற்றிலிருந்து சாய்வாக ஒரு பெரிய வாய்க்கால். அதிலிருந்து இரண்டு பக்கமும் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே வந்தது. இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போனது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, இதயத் துடிப்பு போல. பிறகு வாய்க்காலின் சரிவில், ஓதத் தண்ணீர் தொட்டுவிட்டுப் போகும் நடு மட்டத்தில், நாற்று நட்டார்கள்.

பிடித்துக்கொண்டது.

இன்னொன்றையும் கவனிங்க. வெளியே நிறுத்த வேண்டிய குற்றவாளிகள் என்று சொல்லப்பட்ட அதே கிராமத்து மக்கள்தான் இதில் வாய்க்கால் வெட்டினார்கள், நாற்று நட்டார்கள், பார்த்துக்கொண்டார்கள். இன்று நீங்கள் படகில் பார்க்கும் பசுமையில் ஒரு பங்கு இயற்கையாகவே தப்பித்தது அல்ல. தப்பான வைத்தியத்தால் செத்துக்கொண்டிருந்து, சரியான வைத்தியத்தால் எழுந்து நின்ற காடு அது.

சரி, இப்போது எம்.ஜி.ஆருக்கு வருவோம்.

1975-ல் வெளியான 'இதயக்கனி' படத்தின் காட்சிகள் பிச்சாவரத்தில் எடுக்கப்பட்டன. தமிழ்நாட்டுக்குப் பிச்சாவரம் என்ற ஊரைத் தெரியவைத்தது அந்தப் படம்தான் என்றால் மிகையில்லை. எம்.ஜி.ஆர். வந்துபோன தீவு எம்.ஜி.ஆர். திட்டு ஆனது என்று ஊரில் சொல்வார்கள்.

அந்தத் திட்டு எங்கே இருக்கிறது தெரியுமா? காட்டுக்குள் இல்லை. காட்டைக் கடந்து, உப்பங்கழியையும் கடந்து, கடலை ஒட்டி நீளமாகக் கிடக்கும் மணல் மேட்டில். ஒரு பக்கம் கழி, மறுபக்கம் வங்கக்கடல். அங்கே போய் நின்றால் முகத்துக்கு நேரே அலை. மீனவர்கள் அங்கே ஊர் அமைத்து வாழ்ந்தார்கள்.

"கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் யாராவது குடியிருப்பாங்களா?" என்று கேட்காதீர்கள். மருத்துவர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பதில்லையா? கடல் தொழில் செய்பவருக்கு விடியற்காலையில் படகைத் தள்ள வேண்டும். காற்றையும் நீரோட்டத்தையும் வாசலில் நின்றே பார்க்க வேண்டும். முகத்துவாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவர்கள் தெரிந்தே தேர்ந்த இடம் அது. அதே மணல் மேட்டு வரிசையில் சின்னவாய்க்கால், பில்லுமேடு என்றும் ஊர்கள்.

எம்.ஜி.ஆர். பெயரில் இன்னொரு ஊரும் இருக்கிறது. எம்.ஜி.ஆர். நகர். இது காட்டுக்கு இந்தப் பக்கம், நிலத்தை ஒட்டி. இங்கே இருப்பவர்கள் இருளர்கள்.

இருளர்களிடம் பெரிய படகு கிடையாது, பெரிய வலை கிடையாது. கழியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய விரல்கள் எப்படி இருக்கும், முள்ளும் சிப்பியும் கிழித்த கை எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதே தண்ணீரில் அதே தொழில் செய்தும், நீண்ட காலம் இவர்களை மீனவர்கள் என்றே யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல கடற்கரை இவர்களுக்கு இல்லை. காட்டின் பின்பக்கம்தான் கிடைத்தது.

இந்தப் பகுதியின் வாழ்க்கையைப் பற்றி இன்னும் ஒன்று. மாசிமகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகசாமி தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு வருவார். வரும் வழியில் கிள்ளை தைக்காலில் இஸ்லாமியர்கள் சாமிக்கு மரியாதை செய்வார்கள். தர்காவுக்கும் கோயில் பக்கமிருந்து மரியாதை போகும். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. தீர்த்தவாரி நடக்கும் மீனவர் ஊரின் பெயரே முழுக்குத்துறை. கடல் இந்த ஜனங்களுக்குத் தொழில் மட்டுமில்லை, சாமி குளிக்கும் இடம்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள். மார்கழிப் பௌர்ணமி. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத் திருவிழாக் கூட்டம்.

காலை 6.29-க்கு சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்தது. ரிக்டர் அளவெல்லாம் அப்புறம் வந்து சேர்ந்தது. நம் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. திரும்பப் படியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல். ஒரு ஊரைக் காலி செய்ய அது தாராளமான நேரம். ஆனால் இந்தியப் பெருங்கடலில் அன்று சுனாமி எச்சரிக்கை அமைப்பே இல்லை. திட்டில் இருந்தவர்களுக்குச் சொல்ல யாருமில்லை.

அலை வந்தது.

எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு. மணல் மேட்டில் இருந்த ஊர்களை அது அடித்துப் புரட்டிப் போட்டது. முன்னால் கடல், பின்னால் கழி. ஓடுவதற்கு நிலம் இல்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 600-க்கும் அதிகம். பெண்களும் குழந்தைகளும் நிறைய.

எம்.ஜி.ஆர். நகர் தப்பியது.

தண்ணீர் அங்கேயும் வந்தது. ஆனால் காட்டின் ஆயிரம் வாய்க்கால்களிலும் லட்சக்கணக்கான வேர்களிலும் நுழைந்து, பிரிந்து, முட்டி மோதி, வேகம் இழந்த பிறகு வந்தது. காட்டை ஒட்டிப் பின்னால் இருந்த மற்ற குப்பங்களும் அதே மாதிரி தப்பின.

ஒரே பெயர். இடையில் ஒரு காடு. இரண்டு விதி.

இதை அறிவியல் உலகம் சீக்கிரமே கவனித்தது. 2005-ல் 'சயின்ஸ்' இதழில் கடலூர் மாவட்டக் கடற்கரையைப் பற்றியே ஒரு ஆய்வு வந்தது. அலையாத்திப் பகுதியில் ஐந்து கிராமங்கள். கடலோரத்தில் இருந்த இரண்டு முழுவதும் அழிந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்றுக்குச் சேதமில்லை. 100 மீட்டர் அகலத்துக்கு, 100 சதுர மீட்டருக்கு 30 மரங்கள் இருந்தால் அலை மோதும் அழுத்தம் 90 சதவீதத்துக்கு மேல் குறையலாம் என்ற கணித மாதிரியையும் அதில் எடுத்துக்காட்டினார்கள். பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் இந்தக் கரையின் 18 மீனவக் குப்பங்களை ஒப்பிட்டு, காடு உயிரைக் காத்தது என்று எழுதினார்கள்.

இத்தோடு முடித்தால் கைதட்டி ஷேர் செய்துவிட்டுப் போகலாம். ஆனால் மருத்துவனாக இருந்துகொண்டு பாதி உண்மை சொல்லக் கூடாது.

2006-ல் வேறு சில ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர் என்றாலே அது கடலிலிருந்து தள்ளித்தானே இருக்கும்? கொஞ்சம் மேட்டிலும் இருக்குமே? அப்படியானால் காப்பாற்றியது மரமா, தூரமா? தூரத்தையும் உயரத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மரத்தின் பங்கு மிகக் குறைவாகத்தான் தெரிகிறது என்றார்கள்.

இது எங்கள் துறையில் தினமும் பார்க்கும் சிக்கல். காபி குடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று ஒரு கணக்கு காட்டும். உள்ளே போய்ப் பார்த்தால் காபி குடிப்பவர்களில் பலர் சிகரெட்டும் பிடிப்பவர்களாக இருப்பார்கள். குற்றவாளி காபி இல்லை, கூடவே வந்த சிகரெட். இங்கே காட்டுக்குக் கூடவே தூரமும் வருகிறது.

அப்போ காடு காப்பாற்றியது பொய்யா? இல்லை. என் புரிதலைச் சொல்கிறேன்.

அடர்ந்த காடு தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும். அதில் சந்தேகமில்லை. மரங்கள் நிற்பதால்தான் அந்த வண்டல் மண்ணும் கரையாமல் நிற்கிறது. எல்லாவற்றையும்விட, காடு இருக்கும் இடத்தில் வீடு கட்ட முடியாது. கடலுக்கும் ஊருக்கும் நடுவே அந்த இடைவெளியைப் பிடித்து வைத்திருந்ததே காடுதான். மரமா தூரமா என்று கேட்டால், அந்தத் தூரத்தைக் காத்துக் கொடுத்ததும் மரம்தான்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. காட்டுக்கு முன்னால் இருப்பவரைக் காடு காப்பாற்றாது. எம்.ஜி.ஆர். திட்டு சொல்வது அதைத்தான். நாலு வரிசை சவுக்கு நட்டுவிட்டு "சுனாமிக்குப் பாதுகாப்பு ரெடி" என்று நினைத்தால் அது ஆபத்து. தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் ஹெல்மெட் போட வேண்டும். மரமும் வேண்டும், எச்சரிக்கையும் வேண்டும், ஓட வழியும் வேண்டும்.

அந்த எச்சரிக்கை இப்போது இருக்கிறது. 2007 அக்டோபரிலிருந்து ஹைதராபாத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் இரவு பகலாக இயங்குகிறது. நிலநடுக்கம் நடந்த சில நிமிடங்களிலேயே தகவல் வரும். அன்று இல்லாத அந்த இரண்டு மணி நேரம் இன்று நம் கையில் இருக்கிறது.

திட்டில் மிஞ்சியவர்கள் திரும்பப் போகவில்லை. நிலப்பக்கம் குடியேற்றப்பட்டார்கள். உயிருக்கு அது பாதுகாப்பு. தொழிலுக்கு அது தொலைவு. வாசலில் நின்று கடலைப் பார்த்தவர்கள், இன்று கழியைக் கடந்து போய்த்தான் கடலைப் பார்க்க வேண்டும். இரண்டும் உண்மை. யாராவது ஒன்றை மட்டும் சொன்னால் நம்பாதீர்கள்.

காடும் சும்மா இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இதே கடலூர் கரையில் ஏறியது. 2022-ல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சந்தோஷமான செய்தி. ஆனால் அறிவிப்புப் பலகை காட்டுக்கு உணவு போடாது. அலையாத்திக்கு உப்பு மட்டும் போதாது, ஆற்றின் நல்ல தண்ணீரும் வேண்டும். கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது மட்டும் தண்ணீர், மற்ற நாளில் மணல் என்று ஆகிவிட்டால் உப்பு மறுபடி ஏறும். பழைய நோய், வேறு வழியில் திரும்பி வரும். "கடலில் வீணாகக் கலக்கும் தண்ணீர்" என்று இனி யாராவது சொன்னால் இந்தக் காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு வீணாகவில்லை, எம்.ஜி.ஆர். நகருக்குக் காவல் போயிருக்கிறது.

சரி, நாம் படகை மறந்துவிட்டோம்.

படகுக்காரரிடம் கேளுங்கள். காற்றும் ஓதமும் அனுமதியும் இருந்தால் திட்டுப் பக்கம் வரை போகலாம். இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். உங்களைவிட அவருக்கு அந்தத் தண்ணீர் தெரியும்.

போக முடிந்தால், இறங்கியதும் செல்ஃபிக்கு இடம் தேடாதீர்கள். அங்கே வீடுகளின் மிச்சச் சுவர்கள் இருக்கும். ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். கிழக்கே திரும்பினால் கடல். அப்படியே மேற்கே திரும்பினால் கழிக்கு அந்தப்பக்கம் பச்சைக் கோடு மாதிரி காடு தெரியும். அந்தக் கோட்டுக்குப் பின்னால் எம்.ஜி.ஆர். நகர். அவ்வளவுதான் இரண்டு ஊருக்கும் வித்தியாசம்.

போகிறவர்களுக்கு, மருத்துவனாகச் சில வார்த்தைகள்:

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டோவுக்காகக் கழற்றாதீர்கள். ஆழம் குறைவுதான், ஆனால் சேறு காலைப் பிடித்துக்கொள்ளும்.

எந்த மரத்தின் கிளையையும் ஒடிக்காதீர்கள். எது தில்லை என்று உங்களுக்குத் தெரியாது.

குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். காலி பாட்டிலைத் திரும்ப எடுத்து வாருங்கள். வேர்களுக்கு நடுவே சிக்கிய பிளாஸ்டிக், நாம் பேசிய அந்த ரத்தக்குழாயை அடைக்கும்.

கடைசியாக, பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். கடற்கரையில் இருக்கும்போது நிலம் பலமாக ஆடினால், கடல் திடீரென உள்வாங்கினால், அல்லது சுனாமி எச்சரிக்கை வந்தால், வேடிக்கை பார்க்கக் கூடாது. உடனே கரையை விட்டு உள்ளே, மேட்டுக்கு ஓட வேண்டும். கடல் உள்வாங்கினால்தான் சுனாமி என்றும் நினைக்க வேண்டாம். 2004-ல் நம் கரைக்கு முதலில் வந்தது உயர்ந்த அலைதான். முதல் அலை போனதும் திரும்பி வரவும் கூடாது. அடுத்த அலை பெரியதாக இருக்கலாம்.

இந்த ஒரு பத்தியை மட்டும் உங்கள் வீட்டில் ஒரு குழந்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இந்த இழை எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும்.

பிச்சாவரம் போய் வந்தவர்கள், அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள் உங்கள் நினைவுகளைக் கீழே எழுதுங்கள். நான் தவறாகச் சொல்லியிருந்தால் திருத்துங்கள், கற்றுக்கொள்கிறேன்.